நாசி லெமாக்: பசியாறும்போது என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

ஊரிலிருந்து யார் மலேசியாவுக்கு வந்தாலும், முதல் நாள் காலை வாழையிலைப் பொட்டலம் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துவிடுவது என் வழக்கம். பிரித்த உடனே கேள்விகள் ஆரம்பிக்கும். பத்து வருடமாகக் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இப்போது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதிலை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

நாசி லெமாக்னா என்ன? நம்ம தேங்காய்ப்பால் சாதம்தானே?

சோற்றை மட்டும் பார்த்தால் ஆமாம், நெருங்கிய சொந்தம்தான். அரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பார்கள். அந்தப் பாலுக்கு மலாயில் சாந்தான் என்று பெயர். அதில் பாண்டான் என்ற வாசனை இலையை முடிச்சுப் போட்டு இறக்குவார்கள், சிலர் இரண்டு துண்டு இஞ்சியும் போடுவார்கள். நம் வீட்டுத் தேங்காய்ப்பால் சாதத்தில் பட்டை, கிராம்பு, பச்சை மிளகாய், புதினா எல்லாம் சேர்ந்து சோறே தாளித்த ருசியோடு வரும். இதில் சோறு சாதுவாக இருக்கும். உப்பு, பால், இலை வாசம், அவ்வளவுதான். காரமும் உறைப்பும் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பக்கத்து ஆட்கள்: சம்பால் என்ற மிளகாய்த் தொக்கு, மொறுமொறு என்று பொரித்த நெத்திலி, வறுத்த நிலக்கடலை, வெள்ளரிக்காய் இரண்டு வில்லை, முட்டை. இத்தனையும் சேர்ந்தால்தான் அது நாசி லெமாக். வெறும் சோற்றை வைத்துவிட்டு இதுதான் நாசி லெமாக் என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

லெமாக்னா கொழுப்பாமே, கொழுப்புச் சோறுன்னா பேர் வெப்பாங்க?

அகராதியைப் பார்த்தால் கொழுப்புதான். ஆனால் மலாய்க்காரர் வாயில் அது ஒரு சுவையின் பெயரும்கூட. தேங்காய்ப்பால் நாக்கில் படும்போது வழவழவென்று ஒரு நிறைவு வருமே, அதுதான் லெமாக். கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தாலும் அதற்கு 'மாசாக் லெமாக்' என்றுதான் பெயர்.

இன்னொரு கதையும் உண்டு. மலாக்காவில் ஒரு விதவைத் தாய், பெயர் மாக் குந்தும். அவள் மகள் உலையில் கைதவறித் தேங்காய்ப்பாலைக் கொட்டிவிட்டாளாம். அம்மா வந்து "என்ன சமைத்தாய்?" என்று கேட்க, மகள் "நாசி லே, மாக்!" என்றாளாம், அதாவது 'சோறுதான் அம்மா'. அப்படித்தான் பெயர் வந்ததாம். கேட்க அழகாக இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சொல்லலாம், நம்ப வேண்டாம். பெயர் சுவையிலிருந்து வந்தது என்பது மேலே சொன்னதிலேயே தெரிகிறது.

காலையிலேயே சோறா? அதுவும் இவ்வளவு காரத்தோடயா?

இட்லி ஊர்க்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நம் ஊரிலும் பழைய சோறு குடித்துவிட்டு வயலுக்குப் போனவர்கள்தானே நம் தாத்தாக்கள். இங்கேயும் அதே கணக்குதான். விடியும் முன் கடலுக்கோ வயலுக்கோ போகிறவனுக்கு, மதியம் வரை தாங்குகிற மாதிரி ஒன்று வயிற்றில் இறங்க வேண்டும். தென்னை வீட்டைச் சுற்றி நிற்கிறது, நெத்திலி கரையில் காய்கிறது, வாழை கொல்லையில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இதில் அதிகம் கிடையாது.

இப்போது கடலுக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், பொட்டலம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆறரை மணிக்கு மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் இரண்டு பொட்டலம் வாங்கிக் கொக்கியில் மாட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் பறக்கிறவர்களைப் பார்த்தால் புரியும். அப்புறம், காலையில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கும் இதற்கு வரிசையில் நிற்கிற ஊர் கோலாலம்பூர்.

வெள்ளரிக்காய், கடலை எல்லாம் சும்மா அலங்காரத்துக்குத்தானே? ஒதுக்கி வெச்சா என்ன?

ஒதுக்கி வையுங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு வாய் அது எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். சோறு குழைவு, சம்பால் இனிப்பும் புளிப்பும் உறைப்பும், நெத்திலி உப்பும் மொறுமொறுப்பும், கடலை கடிபட, கடைசியில் வெள்ளரி வந்து வாயைக் குளிர வைத்துவிட்டுப் போகும். வெள்ளரி இல்லாவிட்டால் ஐந்தாவது வாய்க்கு மேல் தேங்காய்ப்பால் திகட்டும்.

முட்டை மட்டும் காலத்துக்கு ஏற்ப மாறுகிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவித்த முட்டை பாதி வரும். இப்போது எங்கள் பேட்டை ஒட்டுக்கடையில் கால் முட்டை. நூல் பிடித்து அறுத்த மாதிரி அவ்வளவு சரியான கால். விலைவாசியைப் பற்றி யாரும் எனக்குப் புள்ளிவிவரம் சொல்ல வேண்டாம், அந்த மஞ்சள் கருவைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.

எல்லாரும் சம்பால் சம்பால்னு ஏன் உயிரை விடறாங்க?

ஏனென்றால் ஒரு கடையின் மானம் அதில்தான் இருக்கிறது. சோற்றைக் கொஞ்சம் சுமாராகச் செய்தாலும் மன்னிப்பார்கள். சம்பால் கெட்டால் மறுநாள் ஆள் வராது.

காய்ந்த மிளகாயை ஊறவைத்து, விதையைத் தட்டிவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டோடு அரைத்து, தாராளமாக எண்ணெயில் போட்டுச் சிறு தீயில் வதக்க வேண்டும். பெலாச்சான் என்கிற இறால் விழுதுக் கட்டியைச் சுட்டுச் சேர்ப்பார்கள். அதைச் சுடும்போது எழும் வாடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சன்னல் சாத்துவார், சட்டியில் போன பிறகு அதே ஆள் எட்டிப் பார்ப்பார். புளித்தண்ணீர், உப்பு, கொஞ்சம் குலா மலாக்கா எனப்படும் தென்னை வெல்லம் அல்லது சீனி, வெங்காய வளையங்கள். இதில் பொறுமைதான் மிகப் பெரிய சாமான். எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கிளறிக்கொண்டே நிற்க வேண்டும், மலாயில் அதை 'பெச்சா மிஞ்ஞாக்' என்பார்கள், எண்ணெய் உடைவது. அவசரப்பட்டு இறக்கினால் மிளகாயின் பச்சை வாடை அடிக்கும், மறுநாள் வயிறும் பேசும்.

சண்டை என்ன என்றால், எவ்வளவு இனிப்பு? ஒரு கூட்டம் இனிப்பாக இருந்தால் அது சம்பாலே இல்லை என்னும், இன்னொரு கூட்டம் வெறும் காரமாக இருந்தால் துப்பிவிடும். என்னைக் கேட்டால் இனிப்பு முதலில் வரவேண்டும், காரம் இரண்டு நொடி கழித்து முதுகில் தட்ட வேண்டும். என் வீட்டிலேயே இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

வாழையிலைப் பொட்டலம் நல்லதா, தட்டுல வாங்கறது நல்லதா?

இரண்டும் வேறு வேறு சாப்பாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தை 'புங்குஸ்' என்பார்கள். உள்ளே வாழையிலைத் துண்டு, வெளியே காகிதம், நாலு பக்கமும் மடித்துக் கூம்பு மாதிரி நிற்கும். முன்பெல்லாம் வெளிக் காகிதம் பழைய செய்தித்தாள். சாப்பிட்டுக்கொண்டே போன மாதத்துச் செய்தியைப் படிக்கலாம். இப்போது பழுப்புத்தாள். சூடான சோறு இலையைத் தொட்டு அரைமணி நேரம் மூடிக் கிடக்கும்போதுதான் அந்த வாசம் ஏறும். அதனால் உடனே பிரிப்பதைவிடக் கொஞ்சம் பொறுத்துப் பிரித்தால் இன்னும் நன்றாக இருக்கும். விலை இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி, அந்த வட்டாரத்தில்தான். ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம், சென்னை காசு என்போம். கடைசியில் சொன்னது தமிழ்நாட்டுத் தலைநகர் இல்லை, 'சென்' என்கிற எங்கள் சில்லறை.

தட்டு என்றால் பொரித்த கோழி, ரெண்டாங் என்கிற சுண்ட வேகவைத்த கறி, கணவாய் சம்பால், பொரித்த முட்டை என்று கூட வந்து, பதினைந்து வெள்ளி வரை தாராளமாகப் போகும். வயிறும் கண்ணும் நிறையும். ஆனால் ஒருவர் எனக்கு நாசி லெமாக்கை முதன்முதலாக அறிமுகப்படுத்தச் சொன்னால் நான் பொட்டலத்தைத்தான் கொடுப்பேன்.

எங்க போய்ச் சாப்பிட்டா உண்மையான ருசி கிடைக்கும்?

கோலாலம்பூர் வட்டாரத்தில் பெயர் போன இடங்களைச் சொல்ல வேண்டுமென்றால்: கம்போங் பாரு, இரட்டைக் கோபுரத்தின் நிழலில் இன்னும் மரவீடுகளோடு நிற்கிற பழைய மலாய்க் குடியிருப்பு, அங்கே ராத்திரி நாசி லெமாக் பிரபலம். பெட்டாலிங் ஜெயாவில் டாமான்சாரா அப்டவுனில் உள்ள வில்லேஜ் பார்க், மசாலாக் கோழிப் பொரியலுக்காகவே கூட்டம் தள்ளும் கடை. சுற்றுலா வந்தவர்களை அங்கே அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது.

உண்மையான ருசி என்று கேட்டால் என் பதில் வேறு. நீங்கள் தங்கியிருக்கிற வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மேசை ஒன்றும் குடை ஒன்றும் போட்டு, ஒரு மாக் சிக் உட்கார்ந்திருப்பார் (மாக் சிக் என்றால் சின்னம்மா, அத்தை மாதிரி, வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்). பொட்டலங்களைக் கூடையில் அடுக்கி வைத்திருப்பார். ஒன்பது மணிக்குக் கூடை காலியாகிறதா என்று பாருங்கள். அதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை.

கல்யாணம், விசேஷத்துல இதான் போடுவாங்களா?

போடுவதில்லை. 'தேசிய உணவு' என்று கேள்விப்பட்டதும் எல்லாரும் விருந்துச் சாப்பாடு என்று நினைத்துவிடுகிறார்கள். மலாய்க் கல்யாணத்துக்கு நாசி மிஞ்ஞாக், நெய்ச்சோறு. "எப்போ நாசி மிஞ்ஞாக் சாப்பிடப் போகிறோம்?" என்று மலாய்க்காரர் ஒருவர் உங்களிடம் கேட்டால், கல்யாணச் சாப்பாடு எப்போது போடப்போகிறாய் என்று அர்த்தம். சடங்குகளுக்கு மஞ்சள் போட்ட புலுட் குனிங், அதாவது பசையரிசிச் சோறு.

நாசி லெமாக்குக்கு அப்படி ஒரு நாள், கிழமை, சடங்கு கிடையாது. பந்தியில் முதல் வரிசை, இரண்டாம் வரிசை கிடையாது. அமைச்சரும் வாங்குகிறார், அவர் காரை ஓட்டுகிறவரும் வாங்குகிறார், இருவருக்கும் அதே மடிப்பு, அதே கால் முட்டை. இந்தச் சோற்றின் மேல் மலேசியர்களுக்கு இருக்கும் பாசம் இதிலிருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன். விருந்துச் சாப்பாட்டை மதிப்போம், தினமும் சாப்பிடுவதைத்தான் வெளிநாடு போனால் நினைத்து ஏங்குவோம்.

இது எவ்வளவு பழைய சாப்பாடு?

பிரிட்டிஷ் அதிகாரியும் மலாய் அறிஞருமான ரிச்சர்ட் வின்ஸ்டெட் 1909இல் மலாய் மக்களின் வாழ்க்கை பற்றி எழுதியபோது இதைக் குறிப்பிட்டிருக்கிறார். அச்சில் அடிக்கடி காட்டப்படும் பழைய சான்று அதுதான். அச்சில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, அடுப்பில் இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்படி சமாச்சாரத்தை எழுதிவைக்க வேண்டும் என்று எந்த ஊர்ப் பாட்டிக்குத் தோன்றியது? நம் ஊர் ரசத்துக்குப் பிறந்த தேதி கேட்டால் சொல்வோமா?

பாட்டில எல்லாம் வருதாமே, நிஜமா?

நிஜம்தான். மலாய்க்காரர்களிடம் பந்துன் என்று நாலடிப் பாட்டு ஒன்று உண்டு. முதல் இரண்டு அடி ஓசைக்கும் சாயலுக்கும், பின் இரண்டு அடியில்தான் விஷயம். அதில் எல்லாருக்கும் தெரிந்த பழைய நாட்டுப்பாடல் ஒன்று இப்படிப் போகும்:

நாசி லெமாக் புவா பிடாரா,
சாயாங் செலாசே ஹம்பா லுருத்கான்,
புவாங் எமாக் புவாங் சவுடாரா,
கெரானா காசே ஹம்பா துருத்கான்.

முதல் இரண்டடியில் நாசி லெமாக், இலந்தைப் பழம், உருவிப்போடும் செலாசே, அதாவது துளசி இனச் செடி. பின் இரண்டில்: அம்மாவை விட்டேன், உடன்பிறந்தவரை விட்டேன், காதலுக்காகக் கூடவே வந்தேன். 'சவுடாரா' என்ற சொல்லைக் காது கொடுத்துக் கேளுங்கள், நம் 'சகோதர' உள்ளே இருப்பது கேட்கும். வீட்டை விட்டுப் போகிற பெண்ணின் பாட்டு, வீட்டுச் சோற்றின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறது. முதலடிகள் வெறும் எதுகைக்காகத்தான் என்பார்கள் இலக்கணம் தெரிந்தவர்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

அப்போ இது மலாய்க்காரங்க சாப்பாடா, மலேசியர் எல்லாருடைய சாப்பாடா?

மலாய்க்காரர்களுடையது. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. பெயர், சமையல் முறை, பெலாச்சான், பாண்டான், எல்லாமே மலாய் அடுப்படி. அதோடு, நாட்டில் இருக்கிற எல்லாரும் இதைத் தங்கள் காலைச் சாப்பாடாக ஆக்கிக்கொண்டார்கள், அதுவும் உண்மை. சீனர் கடைகளில் சிலவற்றில் பன்றிக்கறி கூட வரும், முஸ்லிம்கள் அங்கே போக மாட்டார்கள். தமிழர் கடையில் ஆட்டுக்கறிப் பிரட்டல் வரும். மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடையில், நம் பரோட்டாவின் மலேசிய வடிவமான ரொட்டி சானாய்க்குப் பக்கத்திலேயே பொட்டலக் கூடை இருக்கும்.

இட்லியை யார் சாப்பிட்டாலும் இட்லி இட்லிதான், நாம் கோபிப்பதில்லையே. 'இது எல்லாருடையதும்' என்று சொல்லும் அவசரத்தில் யார் அடுப்பிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகிற பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது. ரொட்டி சானாய் விஷயத்தில் நமக்கு அதே மறதி நடந்தால் நாம் சும்மா இருப்போமா?

மலேசியத் தமிழர் வீட்டுல இதை எப்படிச் சாப்பிடறாங்க?

பெரும்பாலும் வாங்கித்தான். தோட்டத்தில் இருந்த காலத்தில், பக்கத்துக் கம்பத்திலிருந்து சைக்கிளில் கூடை வைத்து விற்க வருவார்கள் என்று என் அம்மா சொல்வார். தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலும் பசியாறும் நேரத்தில் இருக்கும். வீட்டில் செய்தால் நம் கை சும்மா இருக்காது. சோற்றில் கொஞ்சம் வெந்தயம் விழும், சம்பாலில் கறிவேப்பிலை விழும், பக்கத்தில் முந்தின நாள் ஆட்டுக்கறிக் குழம்பு வந்து உட்காரும். மலாய்த் தோழி ஒருத்தி என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா இது வேற ஏதோ" என்றாள். நியாயமான தீர்ப்பு.

நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன். எதைப் பார்த்து வாங்கணும்?

இது உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வெறும் பொட்டலத்தில், நாலாவது பதிலில் சொன்ன சாமான்கள் மட்டும் என்றால், இறைச்சி கிடையாது. கூட வாங்கும் கறியில்தான் கவனம். மலாயில் 'டாகிங்' என்றால் பொதுவாக இறைச்சி என்றுதான் பொருள், ஆனால் ஒட்டுக்கடையில் டாகிங் என்றால் மாடு. வெறும் 'ரெண்டாங்' என்று எழுதியிருந்தால் என்ன ரெண்டாங் என்று கேளுங்கள். ஆயாம் என்றால் கோழி. காம்பிங் என்றால் ஆடு. 'பாரு' என்று கறுப்பாகப் பொரித்து வைத்திருப்பது மாட்டு நுரையீரல், பார்க்க ஈரல் மாதிரியே இருக்கும், பலர் அதில்தான் ஏமாறுவார்கள்.

கேட்பதற்குத் தயங்க வேண்டாம். "இனி டாகிங் கா?" என்று கேட்டால் போதும். 'மாடு சாப்பிட மாட்டீங்களா, அப்போ இதை எடுங்க' என்று மாக் சிக்கே கரண்டியை மாற்றிவிடுவார். பல இனத்தாரோடு வாழ்ந்து பழகிய கை அது.

சுத்த சைவம் நான். வெள்ளிக்கிழமை வேற. வழியே இல்லையா?

சோறு மட்டும் சைவம். பாலும் இலையும் உப்பும்தான். ஆனால் மற்றதெல்லாம் வம்பு. நெத்திலியை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: சம்பாலுக்குள் பெலாச்சான் கரைந்திருக்கிறது, அதை எடுத்துப் போட முடியாது. 'நெத்திலி இல்லாத சம்பால்' என்று கேட்டு வாங்கினாலும் இதே கதைதான்.

சைவ உணவகங்களில் தனியாகவே செய்கிறார்கள். காளான் சம்பால், நெத்திலிக்குப் பதில் பொரித்த சோயாத் துணுக்கு. நன்றாகச் செய்கிற இடங்களும் இருக்கின்றன. பெலாச்சானின் அந்த அடிநாக்கு ருசி வராது, அதை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

நாசி டாகாங், நாசி கெராபு, நாசி உடுக் எல்லாம் இதேதானா?

நாசி என்றால் சோறு, அவ்வளவுதான் பொதுவானது. நாசி டாகாங் கிளந்தான், திரெங்கானு பக்கத்துச் சாப்பாடு, தேங்காய்ப்பாலோடு வெந்தயமும் வரும், கூட சூரை மீன் குழம்பு. நாசி கெராபு நீலச் சோறு, சங்குப்பூவில் நிறமேற்றியது. பினாங்கின் நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சுமந்து விற்ற சோறு, அதற்குத் தனியாகவே ஒரு பக்கம் எழுத வேண்டும்.

உண்மையான பங்காளி என்றால் ஜாகர்த்தாவின் நாசி உடுக்கும் ஆச்சேயின் நாசி குரேவும். இரண்டுமே தேங்காய்ப்பாலில் வெந்தவை. இலங்கைக்காரர்களுக்குக் கிரிபத் நினைவுக்கு வரும். அதைக் குழையவைத்துத் துண்டு போடுவார்கள், இங்கே பருக்கை பருக்கையாக நிற்க வேண்டும்.

சிங்கப்பூர்க்காரங்க எங்களுதுங்கறாங்க, மலேசியாக்காரங்க எங்களுதுங்கறாங்க. யாருது?

1965இல்தான் இரண்டும் தனித்தனி நாடு. சோறு அதற்கு முன்பே வெந்துகொண்டிருந்தது. நீரிணையின் இரு கரையிலும், சுமத்ராவின் ரியாவ் பக்கத்திலும், புருணையிலும் மலாய் மக்கள் இருக்கிற இடமெல்லாம் இது உண்டு. எல்லைக்கோடு போடும்போது யாரும் அடுப்பைக் கேட்டுப் போடவில்லை.

சிங்கப்பூரில் சில கடைகளில் பாண்டான் சாற்றால் சோறு பச்சையாகவே இருக்கும், பொரித்த மீனும் கோழி இறக்கையும் ஓத்தாக் ஓத்தாக் என்கிற சுட்ட மீன் விழுதும் வரும். நல்ல சாப்பாடுதான். 2009இல் மலேசியாவில் தேசியப் பாரம்பரிய உணவுகள் என்று பட்டியல் போட்டபோது இதையும் சேர்த்தார்கள், அதை ஒட்டி இரு பக்கமும் கொஞ்சம் சூடான பேச்சு. சண்டை போடுபவர்களைக் கவனித்திருக்கிறேன், இரு தரப்பும் அதே சோற்றை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறது.

யுனெஸ்கோ நாசி லெமாக்குக்குப் பட்டம் குடுத்துட்டாங்களாமே?

பாதி சரி. 2024 டிசம்பரில், பராகுவேயின் அசுன்சியோன் நகரில் நடந்த கூட்டத்தில், மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூன்றும் அதில் வருகின்றன. சேர்க்கப்பட்டது பல இன மக்கள் ஒரே கடையில் உட்கார்ந்து பசியாறும் பழக்கம், ஒரு குறிப்பிட்ட பண்டம் மட்டும் என்று பட்டயம் எழுதவில்லை. அதனால் முந்தைய கேள்வியில் உள்ள வழக்குக்கு இதைத் தீர்ப்பாகக் காட்ட முடியாது. 2020இல் சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடும் இதே பட்டியலில் ஏறியது.

எனக்கு இதில் பிடித்தது அந்த மூன்று பெயர்களின் சேர்க்கை. மலாய்ச் சோறு, தென்னிந்தியர் கொண்டுவந்த ரொட்டி, மாமாக் கடைக்காரர் இழுத்து ஆற்றிய தேநீர், ஒரே மேசையில்.

பர்கர், கவுன்னு எல்லாத்துலயும் நாசி லெமாக்கைப் போடறாங்களே, இது கொஞ்சம் ஓவரா இல்ல?

கொஞ்சம் ஓவர்தான், ரசிக்கவும் செய்கிறேன். 2017இல் சிங்கப்பூரில் மெக்டொனால்ட்ஸ் நாசி லெமாக் பர்கர் போட்டது, சீக்கிரமே தீர்ந்துபோனது, மறு ஆண்டு மலேசியாவுக்கும் வந்தது. அதே 2017இல் மிஸ் யுனிவர்ஸ் போட்டிக்கு மலேசியப் போட்டியாளர் நாசி லெமாக் உருவில் கவுன் போட்டுப் போனார், முட்டை, வெள்ளரி, இலை எல்லாம் துணியில். 2019 ஜனவரி 31 அன்று கூகுள் முகப்புப் படமாகவும் வந்தது.

ஆனால் ஜனங்கள் உண்மையிலேயே பொங்கியது 2018இல். பிரிட்டன் மாஸ்டர்செஃப் நிகழ்ச்சியில் மலேசியாவில் பிறந்த பெண் ஒருவர் நாசி லெமாக்கும் கோழி ரெண்டாங்கும் செய்தார். கோழித்தோல் மொறுமொறுப்பாக இல்லை என்றார் நடுவர். ரெண்டாங் என்பது மணிக்கணக்கில் குழம்பில் வேகிற கறி, அது எப்படி மொறுமொறுக்கும்? சாம்பாரில் முருங்கைக்காய் ஏன் மொறுமொறுப்பாக இல்லை என்று கேட்ட மாதிரி. மலேசியாவின் அன்றைய பிரதமர் வரை பதில் போட்டார். மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா மூன்றும் ஒரே அணியில் நின்றதை அப்போதுதான் பார்த்தேன்.

உடம்புக்கு நல்லதா, கெட்டதா? சர்க்கரை இருக்கு எனக்கு.

2016இல் டைம் இதழ் ஆரோக்கியமான காலை உணவுகளில் ஒன்றாக இதைச் சொல்ல, ஊரே சிரித்தது, பாதிப் பேர் அதைக் காட்டி இரண்டாவது பொட்டலம் பிரித்தார்கள். வெள்ளைச் சோறு, தேங்காய்ப்பால், எண்ணெய், சீனி போட்ட சம்பால். தினமும் சாப்பிட ஏற்றதில்லை என்பதற்கு மருத்துவரிடம் போக வேண்டியதில்லை. சர்க்கரை உள்ளவர்கள் உங்கள் மருத்துவர் சொன்ன அளவைத்தான் பிடிக்க வேண்டும். சின்னப் பொட்டலம் ஒன்று, வாரத்தில் ஒரு நாள் என்று என் அப்பா வைத்திருக்கிறார். அந்த ஒரு நாளுக்காக ஆறு நாளும் ஒழுங்காக இருக்கிறார்.

ஊர்ல பாண்டான் கிடைக்காது. வீட்டுல செய்ய முடியுமா?

இலங்கையில் ரம்பை என்கிற இலை இதேதான், அங்கே கொல்லையிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் நாற்றுப் பண்ணைகளில் தேடிப் பாருங்கள், தொட்டியில் நன்றாக வளரும். எசன்ஸ் வேண்டாம், சோறு மிட்டாய்க் கடை மாதிரி நாறும். இலை கிடைக்காவிட்டால் இஞ்சி மட்டும் போட்டுச் செய்யுங்கள்.

இரண்டு கப் பச்சரிசிக்கு ஒரு கப் கெட்டிப் பால், இரண்டு கப் தண்ணீர், உப்பு, முடிச்சுப் போட்ட இலை. அரிசிக்குத் தகுந்த மாதிரி தண்ணீரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். கிண்டக் கூடாது, வெந்ததும் பத்து நிமிடம் மூடியே வையுங்கள். சம்பாலுக்கு ஐந்தாவது பதிலைப் பாருங்கள். பெலாச்சான் இல்லையென்றால் காய்ந்த இறால் பொடி கொஞ்சம் சமாளிக்கும்.

மாக் சிக்கிட்ட எப்படிக் கேட்டு வாங்கணும்? மலாய் தெரியாது எனக்கு.

"மாக் சிக், நாசி லெமாக் சத்து" என்றால் ஒன்று. இரண்டுக்கு 'டுவா'. முட்டை பொரித்தது வேண்டுமென்றால் 'தெலோர் மாத்தா', கண் முட்டை என்று அர்த்தம், பார்த்தால் ஏன் என்று புரியும். காரம் அதிகம் வேண்டுமென்றால் 'சம்பால் லெபே', கூடுதல் சம்பால். கட்டிக் கொடுக்கச் சொல்ல 'புங்குஸ்', அல்லது எல்லாரும் சொல்கிற மாதிரி 'தாப்பாவ்'. காசை வலது கையால் கொடுங்கள், வாங்குவதும் வலது கைதான், அதில் நமக்கும் அவர்களுக்கும் ஒரே பழக்கம். நோன்பு மாதத்தில் காலையில் அந்த மேசை இருக்காது, சாயங்காலச் சந்தையில் தேடுங்கள்.

மற்ற நாட்களில் எட்டரைக்குள் போய்விடுங்கள். எங்கள் மாக் சிக் கூடை காலியானதும் "ஹாபிஸ்" என்று ஒரே வார்த்தை சொல்லிக் குடையை மடக்கிவிடுவார், தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மலாய் தெரியாதவர்களுக்கும் அது உடனே புரிந்துவிடுகிறது.